அந்தக் கல்லில் வளையம் இல்லை

அன்புள்ள ரவீந்திரன்,

மஜீத் நானா உனக்குப் போனில் சொன்னது தவறு. வராந்தாவில் கிடந்த கல், கல்லாகிய மரமில்லை என்பது எனக்குப் போன வாரம்தான் தெரியவந்தது என்றும், அதைக் கேட்டதும் நான் படியில் உட்கார்ந்து அழுதேன் என்றும், பாவம் டீச்சர் இத்தனை வருடமாக ஏமாந்து போய்விட்டார் என்றும் அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். தன் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மீது இரக்கப்பட்டுச் சொல்கிறார். ஆனாலும் மூன்றும் பிழை. நான் அழவில்லை. படியில் உட்கார்ந்தது முழங்கால் வலிக்காக. ஏமாறவும் இல்லை. அந்தக் கல் மரமில்லை என்பது எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். நீ அதைச் சொல்வதற்கு முன்பே தெரியும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை வாசி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நடந்தது இதுதான். வைகாசி மழையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் மலையில் மறுபடியும் ஒரு வெடிப்பு விழுந்தது. அதைப் பார்க்க மண்சரிவு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி இளம் பெண், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிச் சுவரில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கண் வராந்தாவில் இருந்த கல்லின் மேல் போனது. அதன் முன்னால் நான் எழுதி வைத்த அட்டை அன்றும் இருந்தது. அதை வாசித்தாள். பிறகு கல்லின் நீளப் பக்கத்தைப் பார்க்காமல் நேராக முனையைத் திருப்பி, பெருவிரலை நாக்கில் நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். நீயும் அன்றைக்கு முனையைத்தான் முதலில் திருப்பினாய். இதை மரம் என்று சொன்னது யார் என்று சிங்களத்தில் கேட்டாள். என் கணவர் என்றேன். அவருக்குத் தவறு நேர்ந்திருக்கிறது அம்மா, இது இந்த மலையில் எங்கும் கிடக்கிற வரிப்பாறைதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்த நேரம் மஜீத் நானா அரிசி மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டடியில் நின்றிருந்தார். அதை மட்டும் கேட்டுவிட்டு த்ரீவீலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை அவர் கேட்கவில்லை. "மம தன்னவா, துவ" என்றேன். எனக்குத் தெரியும் மகள் என்று. பதினொரு வருடத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்ல வேண்டியதை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், வேறு மொழியில் சொன்னேன்.

அந்தக் கல் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ அப்போது நிலவியல் படித்துக்கொண்டு பல்கலைக்கழக ஹொஸ்டலில் இருந்தாய், அதற்குப் பின்னால் வீட்டில் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய நியாயமில்லை. அப்பா தோட்டத்து டிஸ்பென்சராக முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தவர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ரப்பர்ப் பால் வெட்டுகிற கத்தி பட்ட காயம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். ஓய்வு பெற்று, தோட்ட எல்லையில் வாங்கிய இருபது பேர்ச் காணியில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, ரோட்டில் போகிறவர்கள் கும்பிடுவார்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். அவர் காலை எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கும் போவதற்கு இல்லாமல், வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளேயிருந்து பார்ப்பேன். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. ஒரு நாள் சமையலறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகக் கான் வெட்டும்போது அந்தக் கல் கிடைத்தது. முழங்கையளவு நீளம். கறுப்பும் வெளுப்புமாக நீளவாட்டில் வரி. ஒரு பக்கம் மரப்பட்டை போலச் சொரசொரப்பு. நடுவில் கணு போல ஒரு வெள்ளைக் கண். அவர் இளம் வயதில் நிவித்திகல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே வயல் நடுவே மாணிக்கக் குழி தோண்டும்போது, அடிச் சரளையிலிருந்து கறுத்துப்போன பழைய மரக்கட்டைகள் வருமாம். அதைக் கண்ணால் பார்த்தவர். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் பார்த்தது ஆறு கொண்டுவந்து போட்ட சரளைக்குள் கிடந்த மரம், இது மலையின் பாறை. இந்த வித்தியாசத்தை யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. முதலில் எனக்கும் தோன்றவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஸ் கண்டக்டர் வந்தார், விகாரைப் பிக்கு ஹாமுதுரு வந்தார், தோட்டத்துத் துரை கூட ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அப்பா வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் பூசி அந்தக் கல்லைத் துடைத்து வைப்பார். எண்ணெய் ஏறினதும் வரி எல்லாம் எடுத்துக் காட்டும், பார்த்தால் முதிரை மரப் பலகை என்றே சொல்லலாம். "மேக்க இஸ்ஸர கஹக். தென் கலக்" என்று சிங்களத்தில் ஆரம்பிப்பார். இது முன்பு மரம், இப்போது கல் என்று. பிறகு தமிழில் விரித்துச் சொல்வார். துரை சிரித்துக்கொண்டு, "டிஸ்பென்சர், எந்த வருத்தம்னு வந்தாலும் நீங்க அதே ரோஸ் கலர் மருந்தத்தானே குடுப்பீங்க. கல்லுக்கும் அதத்தான் ஊத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அப்பா அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அவருக்கு நிறம் திரும்பிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல அட்டை ஒன்று எடுத்து, கன்னியாஸ்திரிகள் பழக்கிய கையெழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "கல்லாகிய மரம்" என்று எழுதி அதன் முன்னால் வைத்தேன். பாடசாலையிலிருந்து இரண்டு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்திக் காட்டினேன். பார்க்காமலே எழுதினேன், ரவீந்திரன். கண்ணால் கண்டதை எழுது, காண ஆசைப்படுவதை எழுதாதே என்று எனக்குச் சொல்லித் தந்த சிஸ்டர் இருந்தால் அந்த அட்டையைக் கிழித்து என் கையில் தந்திருப்பார்.

சந்தேகம் எனக்கு வந்தது துணி துவைக்கும் இடத்தில். பீலிக்கரையில் நான் துவைக்கிற கல்லில் தண்ணீர் பட்டதும் அதே வரி தெரிந்தது. அத்தனை வருடம் அதில் துணி அடித்தவள் நான், அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த புதன்கிழமை அப்பா சீனி வருத்தக் கிளினிக்குக்கு அவிசாவளை போனார். போனால் திரும்பி வர நாலு மணி நேரமாகும். கல்லைத் தூக்கிக்கொண்டு போய், சோப்புத்தூள் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். அப்பா முள் எடுக்கும்போது வைத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். உன் புத்தக ராக்கையில் இருந்த பழைய பாடப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். ஊரார் செய்த பரிசோதனை எதுவும் உதவாது என்பது அதை வாசித்ததும் தெரிந்தது. நெருப்புக்குச்சி வைத்துப் பார்த்தார்கள். கல்லாகிவிட்ட மரமும் எரியாது, கல்லும் எரியாது. வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் முங்கும். கத்தியால் கீறிப் பார்த்தார்கள். இரண்டிலும் கத்திதான் மழுங்கும். பார்க்க வேண்டியது ஒன்றுதான். மரத்துக்கு நீளப்பக்கம் ஒரு முகம், குறுக்கே வெட்டின முனை வேறு முகம். பக்கத்தில் கோடு நேராகப் போகும், முனையில் அது வளைந்து வளையமாக வரும். கண்ணாடி வைத்தால் துணியில் ஊசி போன துளை மாதிரி நுண்ணிய துளைகள் வரிசையாகத் தெரியும். நம் கல்லின் பக்கத்தில் கோடு நேராகப் போனது. முனையிலும் நேராகவே போனது. தாள் அடுக்கின மாதிரி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டையான அடுக்கு. கண்ணாடியில் துளை இல்லை. சீனி மாதிரி வெள்ளைப் பரல்களும் அவற்றுக்கு நடுவே மினுங்குகிற கறுப்புச் செதில்களும் இருந்தன. ஊசியால் நெம்பினால் மைக்கா செதில் செதிலாகக் கழன்று வந்தது. கணு என்று நாம் சொன்னது ஒரு வெள்ளைக் கனிமம். பட்டை என்று சொன்னது மழையில் உக்கின மேல்தோல். மூன்று முறை பார்த்தேன். நான் பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி விட்டாலும் மார்க் குறைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். எனக்கு அதில் துளி சந்தேகம் மிஞ்சவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை உனக்கு மறைக்கப் போவதில்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, அப்பா பூசுவது போலவே பூசி, பழைய துணியால் துடைத்து, கல்லை இருந்த இடத்தில் வைத்து, அட்டையை நேராக நிறுத்தினேன். அவர் கிளினிக்கிலிருந்து வந்து, குடையை மடக்குவதற்கு முன்பே கல்லைப் பார்த்தார். "இன்னைக்கு நல்லா மினுங்குது" என்றார். நான் சோறு போடப் போய்விட்டேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று செய்தேன் என்று நீண்ட காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்த அட்டை என் கையெழுத்து. இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று பாடசாலை அதிபரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிஸ்பென்சர் வீட்டார் துணி துவைக்கிற கல்லுக்கு எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிச் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. காரணம் அதுதான்.

ஒரு மாதத்தில் நீ லீவில் வந்தாய். அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. அதிபரும் மஜீத் நானாவும் இன்னும் சிலரும் வராந்தாவில் இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். நீ கல்லைத் திருப்பினாய். "அப்பா, இந்தப் பக்கம் கோடு நேரா போகுது, சரி. இந்த மொனையப் பாருங்க. இங்கயும் நேராத்தான் போகுது. மரம்னா இங்க வட்டமா வரணும்பா. வளையமே இல்ல."

"பல லட்சம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தா நீயுந்தான் வளைஞ்சது நிமிந்துருவ" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"வெளையாடாதீங்கப்பா. இது நம்ம துணி தொவைக்கிற கல்லு மாதிரிதான்."

மஜீத் நானா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப டீச்சர் இவ்வளவு நாளும் மரத்துலயா உடுப்பு கழுவின?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிப்பு அப்பாவின் பக்கம் திரும்பியது. அவர் முகம் நான் பார்க்கப் பார்க்க மாறியது. என் பக்கம் திரும்பினார். ஆட்கள் முன்னால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. இது என்னா?" என்றார். நீயும் என்னைப் பார்த்தாய். "அம்மா, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாய். நீ என்னை முழுதாக நம்பிக் கேட்டாய். நான் பார்த்திருந்தால் சரியாகத்தான் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

"பாத்தேன். அப்பா சொல்றதுதான் சரி" என்றேன். "பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத."

நீ கல்லைக் கீழே வைத்தாய். பிறகு, "மரம்னா மிச்ச மரம் எங்கப்பா? ஒரு துண்டு மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டாய். அது சரியான கேள்வி. படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி. அப்பா எழுந்து நின்றார். "தோண்டிக் காட்டுறேன்டா. காட்டுற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். நீ பையை எடுத்துக்கொண்டு அவிசாவளை பஸ்ஸுக்குப் போனாய். கேட்டடியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கக்கூடாது என்றுதான் அவற்றை எடுத்தேன். பாதிப் பேர் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் போனார். பால் வெட்டி ஓய்வு பெற்ற சின்னையா உதவிக்கு வந்தார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்: அப்பா தோண்டின ஒவ்வொரு துண்டிலும் வரி இருந்தது. மலை முழுவதும் அதே பாறை, வேறு எப்படி இருக்கும்? அவருக்கோ ஒவ்வொன்றும் மரத்தின் இன்னொரு துண்டு. கழுவி, எண்ணெய் பூசி, சமையலறைச் சுவரோரம் வரிசையாக அடுக்கினார். இது கிளை, இது அடிமரம் என்பார். தோண்டத் தோண்ட மரம் வந்துகொண்டே இருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. "ரவி வந்தா அசந்துபோவான்" என்பார். வெட்டு ஓர் அறை அளவுக்கு உள்ளே போனது, இரண்டாள் உயரத்துக்கு நேர்ச்சுவராக நின்றது. மேலே ரப்பர் மரங்களின் வேர் அறுந்து வெளியே தொங்கியது. ஐப்பசியில் மழை பிடித்தது. "ஐயா, மண்ணு ஊறிப்போச்சுங்க. வேரு அறுந்துருச்சு. இனித் தோண்டுனா மலை நம்மளக் கேட்டுக்கிட்டு வராதுங்க" என்று சின்னையா சொன்னார். அப்பா கேட்கவில்லை. சின்னையா என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, நீங்க சொன்னா ஐயா கேப்பாருங்க" என்றார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

நான் சொன்னால் கேட்டிருப்பார். அது எனக்கும் தெரியும். கல்லைக் கழுவிப் பார்த்தேன், வளையம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். தினமும் பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். தினமும் இன்றைக்குச் சொல்லலாம் என்று போனேன். "மழை வருது, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணி இருக்கும். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மூட்டை இறக்கினது மாதிரி ஒரு சத்தம், பிறகு தகரக் கூரை அதிர்ந்தது. பின்கதவைத் திறந்தேன், வெட்டு இருந்த இடத்தில் வெட்டு இல்லை. கையால் தோண்டினேன். தேங்காய்ச் சிரட்டையால் தோண்டினேன். லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து ஒன்றரை மணி நேரம் தோண்டினார்கள். அவர்களில் முதலில் தோண்டியது சின்னையா. எடுத்தபோது அப்பாவின் ஒரு கையில் அலவாங்கு இருந்தது, மற்றக் கை ஒரு கல்லின் மேல் இருந்தது. அதைக் கழுவி வைப்பதற்காகத் தனியே ஒதுக்கியிருப்பார். அந்தக் கல்லையும் பார்த்தேன், ரவீந்திரன். அதிலும் வளையம் இல்லை.

நீ வந்து கொள்ளி வைத்தாய். எட்டாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது உன் சித்தப்பா சொன்னார்: "நீ அன்னைக்கு மிச்ச மரம் எங்கன்னு கேக்காம இருந்திருந்தா எங்கண்ணன் இன்னைக்கு உசுரோட இருப்பாரு." நீ என்னைப் பார்த்தாய். இரண்டாவது முறையாக. நான் படையலுக்கு வைத்த இலையின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது. நீ அன்று மாலையே போய்விட்டாய். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அந்த நிலவியல் பாடத்தையே விட்டுவிட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் கனடா. இன்று ஒரு பெரிய கடையின் ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறாய். உன் கண்ணால் நீயே பார்த்துச் சொன்ன முதல் விஷயம் சரியாக இருந்தது. அதற்குத்தான் நாங்கள் உன்னைத் தண்டித்தோம். பிறகு நீயே உன்னைத் தண்டித்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு போன் எடுத்து, சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்பாய். சாப்பிட்டேன், குடித்தேன் என்பேன். இரண்டு பேரும் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டே பதினொரு வருடம் பேசியிருக்கிறோம்.

போன சனிக்கிழமை பஸ் ஏறி அவிசாவளைக்கு உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். "என்னா அண்ணி, தனியாவா வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். உட்காரச் சொல்லி, கல்லைக் கழுவின நாளிலிருந்து எட்டாம் நாள் காரியம் வரை உனக்கு இங்கே எழுதினதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்? செத்துப்போன மனுஷன மடையன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

"அவரு மடையன் இல்ல தம்பி. அவரு தெரியாமத் தோண்டினாரு. நான் தெரிஞ்சுக்கிட்டுத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன்."

"ரவிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எழுதப்போறேன்."

"எழுதாதீங்க. நான் போன்ல பக்குவமா பேசிக்கிறேன்."

"நீங்க அவன்கிட்ட பேசினது போதும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாசல் வரை வந்து செருப்பை எடுத்து வைத்தார். அவர் அழுதார், நான் அழவில்லை. மஜீத் நானாவின் கடையிலும் இதையே நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பவில்லை. டீச்சருக்கு வயசு போய்விட்டது, பிள்ளையைக் காப்பாற்றப் பழியைத் தானே எடுக்கிறார் என்று இனி அப்படி ஒரு கதை வரும். வந்தால் அதுவும் பிழை என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் வீடியோவில் உன் மகள், "அப்பா, அது நீலம் இல்ல, பச்சை" என்று சொன்னாள். நீ சிரித்துக்கொண்டு, "அப்பா சொன்னா சொன்னதுதான்" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். அவள் உடனே உன் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள், அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று. பிள்ளை உன்னைத் திருத்தினால், ஆட்கள் முன்னால் திருத்தினாலும், முதலில் அவள் காட்டுகிற பொருளைத் திருப்பிப் பார். அவள் சரி என்றால் அந்த இடத்திலேயே சரி என்று சொல். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் அந்த வார்த்தை நாளுக்கு நாள் பாரமாகும், ஒரு நாள் தூக்க முடியாமல் போகும். உன் மனைவியிடமும் சொல், உன் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்ல வேண்டாம் என்று. உன் அப்பாவின் மானத்தை நான் காப்பாற்றினேன். அவரைக் காப்பாற்றவில்லை.

கல்லைக் கழுவிவிட்டேன். இந்த முறை எண்ணெய் பூசவில்லை. இனிக் குடிபோகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோகப் போவதில்லை, பீலிக்கரையில் மற்றக் கல்லோடு போட்டுவிட்டேன். அட்டையை இத்துடன் அனுப்புகிறேன், என்ன வேண்டுமானாலும் செய். பிழையாக எழுதினது நான், வைத்திருக்க வேண்டியவன் நீ இல்லை, ஆனால் உன்னிடம் வராமல் நான் கிழித்தால் அதுவும் ஒரு மறைப்பு.

இப்போது நான் கேட்பது. போனில் சொல்லாதே. போனில் நீ "பரவால்லம்மா" என்பாய், நான் மருந்து குடித்தேன் என்பேன், விஷயம் முடிந்துவிடும். உன் கையால் எழுது. அந்தக் கேள்வியால்தான் அப்பா இறந்தார் என்று இத்தனை வருடம் நினைத்தாயா என்று எழுது. என்னை மன்னிக்க முடியாது என்றால் அதையும் அப்படியே எழுது, சுற்றி வளைக்காதே. கார்த்திகையில் வருகிற திவசத்துக்கு நீ வருவாயா, மாட்டாயா என்றும் எழுது. வந்தால், சித்தப்பாவும் எல்லோரும் இருக்கும்போது, நீ அன்று சொன்னது சரி என்று நான் எழுந்து நின்று சொல்வேன். வராவிட்டாலும் சொல்வேன். இந்த விலாசத்தில் ஐப்பசி வரைதான் இருப்பேன், அதற்குப் பிறகு மஜீத் நானாவின் கடை விலாசத்துக்கு அனுப்பு. பதில் எழுது.

அம்மா